வாலிலிருந்து எழுதிய மேகம்

மிடில்டவுன்
ஜனவரி 13, 1980

நெரெய்தா அக்காவுக்கு,

இங்கே வந்து ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் ஒரு இரவுகூட முழுதாகத் தூங்கவில்லை. பிராங்க்ஸில் நம் சமையலறை ஜன்னலை உரசிக்கொண்டு ரயில் போகும்போது தட்டு, கரண்டி, அம்மாவின் மருந்து பாட்டில் எல்லாம் சேர்ந்து பேசுமே, அந்தப் பேச்சு இல்லாமல் எனக்குக் கண் மூட மாட்டேன் என்கிறது. சித்தி கேட்கிறாள், "ஏண்டா அபி, பேய் புடிச்சவன் மாதிரி முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்க?" என்ன சொல்வது? "சித்தி, இங்க ரொம்ப அமைதியா இருக்கு, பயமா இருக்கு" என்றேன். அவள் என் நெற்றியில் எண்ணெய் தேய்த்து ஜெபம் பண்ணினாள்.

இங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வெங்காய வயல். மண் கறுப்பு. சித்தப்பா பொதி கட்டும் கொட்டகையில் பள்ளிக்கூடம் விட்டதும் நானும் நிற்கிறேன். என் தலையணை, என் காலுறை, நான் உனக்கு எழுதும் இந்தக் காகிதம், எல்லாம் வெங்காயம். முகர்ந்து பார்.

ஜூன் 20. எனக்கு ஞாபகம் இருக்கிறது, நீ ஒவ்வொரு கடிதத்திலும் கோடு போட்டு எழுத வேண்டாம். அதுவரை என் பெயர் எந்த ரயிலிலும் புதிதாகத் தெரியக்கூடாது. தெரியாவிட்டால் நீதிபதி கோப்பை மூடிவிடுவார், நான் வீட்டுக்கு வரலாம். தெரிந்தால் சீர்திருத்தப் பள்ளி, பதினெட்டு வயது வரை. பழைய பெயர்கள் ஓடலாம், அவற்றுக்கு ஏற்கெனவே திட்டு வாங்கியாகிவிட்டது.

ஓடுகிறதா அக்கா? அந்த 7416-ஆம் பெட்டி? பிடிபடுவதற்கு முந்தைய வாரம் நான் பெயின்ட் அடித்து எழுதியது. ஜன்னலுக்குக் கீழே, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை: நூபே. ஆறு எழுத்தில் பெயர் வைத்தவன் பாதியிலேயே மாட்டுவான், நான் ஸ்பானிஷில் நாலே எழுத்தில் மேகம் என்று வைத்தேன், அந்தப் புத்திசாலித்தனத்தை யாரும் பாராட்டவில்லை. அதற்கு முன்னால் எழுதியதெல்லாம் பயிற்சி. 7416-தான் எழுத்து.

நீ எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். என் பெட்டி நீ வேலை பார்க்கும் ரயில் கழுவுமிடத்துக்கு வந்தால் கண்டும் காணாத மாதிரி அனுப்பிவிடுவேன் என்று. வேலியே பயிரை மேய்ந்தால் அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது?

நம் சமையலறை அழுக்கு ஜன்னலில் என்னென்ன போகிறது என்று எழுது. எல்லாவற்றையும் எழுது.

நூபே


பிராங்க்ஸ்
ஜனவரி 27, 1980

அன்புள்ள வெங்காயம்,

கடிதத்தை அம்மா பிரித்தாள். கண் கலங்கினாள். "பாரு, என் புள்ளை அழுதுக்கிட்டே எழுதியிருக்கான்" என்றாள். "அது வெங்காயம்மா" என்றேன். நம்பவில்லை.

நேற்று பனி. வெளியே எல்லாம் வெள்ளை, மேம்பாலத்து இரும்புகூட வெள்ளை. அதற்கு நடுவே ரயில் வந்தது. அத்தனை நிறத்தையும் பார்க்கப் பார்க்க எனக்கே கொஞ்சம் மயக்கமாக இருந்தது. பச்சை, ஊதா, மஞ்சள், யார் யாருடைய பெயர்களோ, ஒன்றும் புரியாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஜன்னலைக் கடந்து போயின. கையில் காபியை வைத்துக்கொண்டு நின்றவள், கடைசிப் பெட்டி போன பிறகுதான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. நான் ரயில் கழுவிச் சம்பளம் வாங்குகிறவள். இப்படி நின்றதை மேஸ்திரியிடம் சொல்லிவிடாதே.

149-ஆம் தெரு ஸ்டேஷன் பெஞ்சில் உன் கூட்டாளிகளைப் பார்த்தேன். வழக்கம்போல எந்த ரயிலிலும் ஏறாமல் எல்லா ரயிலையும் பார்த்துக்கொண்டு, பெயர் வரைந்து பழகும் கறுப்பு நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லி ரோலண்ட் எழுந்து, "அக்கா, நூபே எப்ப வர்றான்?" என்றான். ஜூன் என்றேன். "அது வரைக்கும் இந்த லைன் தாங்காதுக்கா" என்றான். உங்கள் எல்லாருக்கும் வாய் மட்டும் நீளம்.

7416 ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை பார்த்தேன்.

சித்தி சொன்ன பேச்சைக் கேள். காலுறையைத் துவை.

நெரெய்தா


மிடில்டவுன்
பிப்ரவரி 10, 1980

அக்கா,

ஓடுகிறது என்ற ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

அன்று இரவு தூங்கினேன். கனவில் 7416 வெங்காய வயலுக்குள் வந்தது. தண்டவாளம் இல்லை, கறுப்பு மண்ணிலேயே, சத்தமில்லாமல். சித்தப்பா கையைக் காட்டி நிறுத்தினார். கதவு திறந்தது. உள்ளே நீயும் அம்மாவும் உட்கார்ந்திருந்தீர்கள், ஆனால் என்னைத் தெரியாத மாதிரி ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஏறுவதற்குள் கதவு மூடிவிட்டது. பயப்படவில்லை. அது போன திசையில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச்சில் எனக்குப் பதினாறு முடிகிறது. எதுவும் வாங்கி அனுப்பாதே. எதிர்வீட்டு மாமாவிடம் கேமரா இரவல் வாங்கி 7416-ஐ ஒரு படம் எடுத்து அனுப்பு. இங்கே பள்ளிக்கூடத்தில் ஒருவனும் நம்ப மாட்டேன் என்கிறான். "உன் பேரை எழுதின ரயில் ஊரைச் சுத்துதா? எங்கப்பா பேரு ஆஸ்பத்திரி வாசல்ல எழுதியிருக்கு, போவியா" என்கிறார்கள். படத்தைக் காட்டி இவர்கள் வாயை அடைக்க வேண்டும்.

அதற்காக இல்லையென்றாலும் எனக்குப் பார்க்க வேண்டும்.

நூபே


பிராங்க்ஸ்
மார்ச் 16, 1980

அபி,

பிறந்தநாள் வாழ்த்து. படம் உள்ளே இருக்கிறது. போன வாரம் எடுத்தது. வெளிச்சம் போதவில்லை, பொறுத்துக்கொள்.

வேலை அதிகம், வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. அம்மா நலம்.

நெரெய்தா


மிடில்டவுன்
மார்ச் 23, 1980

நெரெய்தா,

இது யாருடைய கை?

என்னை முட்டாள் என்று நினைத்தாயா? நான் எழுதும்போது இரண்டாவது எழுத்தின் தோள் முதல் எழுத்தின் மேல் ஏறி நிற்கும், மூன்றாவது இரண்டாவதன் மேல், கடைசி எழுத்து எல்லாவற்றுக்கும் மேலே. எவனும் அப்படித்தான் எழுதுவான். இடமிருந்து வலம், ஒன்று முடிந்தால் அடுத்தது. இந்தப் படத்தில் முதல் எழுத்துதான் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. யாரோ வாலில் தொடங்கித் தலையில் முடித்திருக்கிறான். நிறம் என்னுடையது. நீலம், அதற்கு மேல் வெள்ளைப் புகை, எல்லாம் நான் வீட்டில் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பெயின்ட் டப்பாக்கள். கைதான் வேறு.

என் பெட்டி எங்கே? என் பெயரை எழுத யாரை உள்ளே விட்டாய்? என் பெயர் ஒரு ரயிலில் புதிதாகத் தெரிந்தால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா?

உண்மையைச் சொல். சொல்லாவிட்டால் எழுதாதே.


பிராங்க்ஸ்
மார்ச் 30, 1980

அபி,

என் கை.

இனி எதையும் மறைக்கப் போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பார்த்தேன், என்னால் முடியவில்லை.

7416 ஜனவரி 4-ஆம் தேதி எங்களிடம் வந்தது. நீ முதல் கடிதம் எழுதும்போதே அது மொட்டைப் பெட்டி. மேஸ்திரி அன்று பக்கத்தில் நின்றான் என்று சொல்லலாம், உண்மையில் நின்றான். ஆனால் அவன் நிற்காத நாட்களிலும் நான் கழுவியிருக்கிறேன். உன் பெயரை இதுவரை பதினோரு தடவை கழுவியிருக்கிறேன் அபி. ஒரு தடவைகூட விட்டதில்லை. வாக்குக் கொடுத்த அன்று நீ பதின்மூன்று வயதுப் பொடியன், கண்ணில் தண்ணீரோடு நின்றாய், அதனால் கொடுத்தேன். பெயின்ட்டைக் கரைக்கும் அந்த மருந்து நெஞ்சை அடைக்கும், கையுறைக்குள் தோல் உரியும். இருந்தும் வேலையை விட முடியாது. நம் வீட்டில் வேலை இருப்பவள் நான் ஒருத்திதான்.

வாலில் தொடங்கினேன் என்கிறாய். எனக்கு வேறு எப்படித் தெரியும்? ரயில் எங்கள் தண்ணீருக்குள் பின்பக்கமாக வரும். மருந்து அடித்த பிறகு போகாத மிச்சத்தை நான் தூரிகையால் தேய்ப்பேன். என் கைக்கு முதலில் வருவது கடைசி எழுத்து. பதினோரு தடவையும் உன் பெயரைக் கடைசியிலிருந்து முதலுக்குத்தான் படித்தேன். ஒவ்வொரு வளைவும் எங்கே தடிக்கும், எங்கே மெலியும் என்று என் தோள்பட்டைக்குத் தெரியும்.

நீ படம் கேட்டதும் 7416 எங்கே நிற்கிறது என்று தேடத் தொடங்கினேன். நாலு ஞாயிறு தேடினேன். வார இறுதியில் பெட்டிகளை மேம்பாலம் முடிந்து லைன் தரைக்கடியில் இறங்கிய பிறகு வரும் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே, சுரங்கத்தில், நடுத்தடத்தில் நிறுத்தி வைப்பார்கள், உனக்குத் தெரியும். மார்ச் 9 அன்று 7416 அங்கே இருந்தது. காலை பத்து மணி. அம்மா சபைக்குப் போயிருந்தாள். நான் வேலைச் சட்டை போட்டுக்கொண்டு, வாளிக்குள் உன் டப்பாக்களை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் முனையில் இறங்கி நடந்தேன். டிக்கெட் கூண்டில் இருந்தவர் கையசைத்தார். "ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டானுங்களா, பாவம்" என்றார்.

அபி, அதற்குள் அவ்வளவு அமைதி இருக்கும் என்று நீ ஏன் எனக்குச் சொன்னதே இல்லை? ரயில் தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சில விளக்குகள் மட்டும் எரிந்தன, காலி இருக்கைகளுக்கு யாரோ வெளிச்சம் போட்டு வைத்த மாதிரி. எங்கேயோ தண்ணீர் சொட்டியது. மேலே தெருவில் நடப்பவர்களின் காலடி நடைபாதை இரும்புச் சல்லடை வழியே கேட்டது, ஒரு குழந்தை பாடிக்கொண்டே போனது. அரை மணிக்கு ஒரு தடவை பக்கத்துத் தடத்தில் ரயில் போகும். அப்போது நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். அதன் ஜன்னல் வெளிச்சம் என் எழுத்தின் மேல் ஓடும். அந்த நிமிஷத்தில் எனக்கு நான் யார் என்றே தெரியவில்லை. பயம் இருந்தது, ஆனால் சந்தோஷம் அதைவிட அதிகம் இருந்தது. அதை உன்னிடம் மறைக்க எனக்கு மனசில்லை.

கடைசியில் முதல் எழுத்தை முடித்து, நாலு அடி பின்னால் போய் நின்று பார்த்தேன். இருபத்து நாலு வருஷத்தில் நான் செய்து வைத்த ஒரு பொருள் என்னைவிடப் பெரிதாக இருந்தது அன்றுதான்.

திங்கட்கிழமை அது ஓடத் தொடங்கியது. அப்போதுதான் ஜூன் 20 ஞாபகம் வந்தது. என் பொய்யை மெய்யாக்குகிறேன் என்று போய், உன் வீட்டு வாசலையே அடைத்துவிட்டேனோ என்று. எங்கள் கழுவுமிடத்துக்கு அது திரும்பி வந்தால் உடனே அழித்துவிடுவேன். இன்னும் வரவில்லை. நாளை மறுநாளிலிருந்து வேலைநிறுத்தம் என்கிறார்கள்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

நெரெய்தா


பிராங்க்ஸ்
ஏப்ரல் 20, 1980

அபி,

மூன்று வாரம் ஆகிறது. நீ எழுதவில்லை. பரவாயில்லை, நான் எழுதுகிறேன். நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலைநிறுத்தம் பதினோரு நாள் நடந்தது. ஊரே நடந்துபோனது. நம் ஜன்னலில் ஒரு ரயில்கூட இல்லை, தட்டுகள் வாயை மூடிக்கொண்டன. அந்த நேரத்தில்தான் நீ அங்கே எப்படித் தூங்காமல் இருக்கிறாய் என்று புரிந்தது.

ரயில்கள் நின்ற இடத்தில் நின்றுவிட்டன. 7416 எங்கே நின்றது தெரியுமா? நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, மேம்பால நடுத்தடத்தில், வெயிலில், பதினோரு நாள். ஓடும்போது யாரும் சரியாகப் பார்க்க முடியாதது, இப்போது ஊருக்கே கடைவீதிப் பலகை மாதிரி ஆகிவிட்டது. நான் தினமும் கீழே போய் அண்ணாந்து பார்ப்பேன். ஏறி அழிக்க வழியில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டினார்கள். ரோலண்டும் இன்னும் மூன்று பேரும். நாலு பேரும் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்கள். ஒருவனிடம் புனிதர் படம் போட்ட மெழுகுவர்த்தி, ஒருவனிடம் ஒரு பெட்டி மால்ட் சோடா.

"அம்மா, எங்களுக்கு வார்த்தையே வரல" என்றான் ரோலண்ட். "அவன மாதிரி ஒருத்தன் இனிமே இந்த லைன்ல பொறக்க மாட்டான்."

"யார மாதிரிடா?"

"எங்க நூபே மாதிரிம்மா."

"என் புள்ளைக்கு என்னடா ஆச்சு?"

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். "உங்களுக்கு இன்னும் யாரும் சொல்லலியாம்மா?" என்றான் கடைசியில் இருந்தவன்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சித்தி வீட்டுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அரை மணி நேரம், அபி. நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த அரை மணி நேரத்தில் எனக்கும் தெரியாமல் போய்விட்டது. அம்மாவோடு சேர்ந்து நானும் அழுதேன், அந்த நாலு தடியன்களும் அழுதார்கள். கடைசியில் சித்தி எடுத்து, "அவனா? இப்பத்தான் மூணு தட்டு சோத்த முழுங்கிட்டுக் கொட்டகைக்குப் போனான். ஏன், என்ன பண்ணினான்?" என்றாள்.

அம்மா போனை என்னிடமிருந்து வாங்கி வைத்துவிட்டு ரோலண்டின் காதைப் பிடித்தாள். "உயிரோட இருக்கிற புள்ளைக்கு மெழுகுவத்தியாடா கொண்டாந்தீங்க?"

"அம்மா, விடுங்கம்மா, காது போயிடும். அடுத்தவன் பேர எவனும் எழுத மாட்டாம்மா. அவன் செத்தாத்தான் எழுதுவோம், மரியாதைக்கு. அங்க பேரு அவனுது, கை அவனுது இல்ல. பதினோரு நாளா போய்ப் போய்ப் பாத்தோம். நாங்க என்னன்னு நெனைக்கிறது?"

"அப்ப யாரு கைடா அது?"

யாருக்கும் தெரியவில்லை. அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், செருப்பு பறந்தது. பையன்களுக்கு முன்னாலேயே. பிறகு அவர்களை உட்கார வைத்துச் சோறும் பயறும் போட்டாள்.

இதுவரை சிரிக்கலாம். செவ்வாய்க்கிழமை இரண்டு துப்பறியும் போலீஸ்காரர்கள் வந்தார்கள். பெயர்களை ஒட்டி வைத்த ஆல்பம் ஒன்று அவர்களிடம் இருக்கிறது. பெஞ்சுப் பையன்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்ததை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுக்கு நூபே என்றால் நீ. "ஜனவரி நாலாம் தேதி இந்தப் பெட்டியைக் கழுவியாச்சுன்னு பதிவேட்டுல இருக்கு. அப்ப இது அதுக்கப்புறம் எழுதினது. மிடில்டவுன்லேர்ந்து பஸ்ல ஒன்றரை மணி நேரம்தானே?" என்றார் பெரியவர். அந்தப் பதிவேட்டில் கழுவியவர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து.

உன் கண்காணிப்பு அதிகாரி திருமதி பெட்டிஃபோர்டிடம் படம் போய்விட்டது. வருகிற திங்களுக்கு அடுத்த திங்கள், 28-ஆம் தேதி, நான் அவரிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். வேலை போகும். வழக்குப் போடுவார்கள். போடட்டும்.

அக்கா


மிடில்டவுன்
ஏப்ரல் 25, 1980

அக்கா,

போகாதே. நான் திருமதி பெட்டிஃபோர்டுக்கு எழுதிவிட்டேன். நான்தான் எழுதினேன் என்று. மார்ச் 9 அன்று வயிற்று வலி என்று பொய் சொல்லிச் சபைக்குப் போகாமல் வீட்டில் தனியாக இருந்தேன், சித்தியைக் கேட்டால் அதை மறைக்கத் தெரியாது, நான் வீட்டிலேயேதான் இருந்தேன் என்றாலும் எப்படியும் யாரும் நம்பப் போவதில்லை.

எனக்கு இரண்டு வருஷம் போகும். உனக்கு வேலை போகும், உன் வயதுக்கு ஜெயில்கூடப் போகலாம், அம்மாவுக்கு மருந்து யார் வாங்குவது? கணக்குப் போட்டால் நான் போவதுதான் சரி.

உன் மேல் உள்ள கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பதினோரு தடவை.

இரவில் இன்னும் தூக்கம் இல்லை. அவர்கள் நிஜமாகவே அழுதார்களா?

அபி


பிராங்க்ஸ்
மே 18, 1980

அபி,

உன் கடிதம் எனக்குக் கிடைத்தது 29-ஆம் தேதி. நான் 28-ஆம் தேதியே போய்விட்டேன். நீ எப்போதும் ஒரு நாள் தாமதம்.

திருமதி பெட்டிஃபோர்டின் அறையில் ஒரே ஒரு ஜன்னல், அதற்கு வெளியே செங்கல் சுவர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து உன் கடிதத்தை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார்.

"காலைத் தபால்ல வந்துச்சு. வெங்காய வாசனை வேற. இந்த நாற்காலியில பதினேழு வருஷமா உக்காந்திருக்கேன். எல்லா வீட்லயும் 'நான் இல்ல, அவன்'னுதான் சொல்வாங்க. உங்க வீட்ல என்ன, குத்தத்துக்கு இவ்வளவு போட்டி?"

"அவன் பொய் சொல்றான் மேடம்."

"ஒங்கள்ல ஒருத்தர் சொல்றீங்க, அது தெரியுது." மஞ்சள் காகிதத்தையும் வண்ணப் பென்சிலையும் தள்ளினார். "எழுது."

எழுதினேன். என் கை தானாக வலப்பக்கம் போனது. கடைசி எழுத்தை முடித்து இடப்பக்கம் நகர்ந்தபோது, "நில்லு" என்றார். போலீஸ் ஆல்பத்திலிருந்து உன் பழைய படங்களையும் 7416-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, ரொம்ப நேரம் பார்த்தார். எது எதன் மேல் ஏறி நிற்கிறது என்று நான் சொல்லவே இல்லை. அவராகப் பார்த்தார்.

"அந்த ரெண்டு போலீஸ்காரனுங்களும் இந்தப் பேருங்கள எட்டு வருஷமாப் பாக்குறானுங்களாம்" என்றார் கடைசியில். பிறகு, "ஏம்மா, இவ்வளவு நல்லா வருது. எழுதணும்னு ஆசை இருந்தா உன் பேர எழுதியிருக்கலாம்ல? எதுக்குத் தம்பி பேரு?"

"எனக்குப் பேரு இல்லீங்க மேடம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

உன் தேதி மாறவில்லை. ஜூன் 20, கோப்பு மூடப்படும். பொய்க் கடிதம் எழுதியதற்கு உன்னைத் தனியாகக் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார்.

எனக்கு வேலை போய்விட்டது. மே 15 அன்று நீதிமன்றம். ஜெயில் இல்லை. தண்டனை என்ன தெரியுமா? இருபது ஞாயிறு, சம்பளம் இல்லாமல், ரயில் கழுவ வேண்டும். நீதிபதி வாசித்து முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா தொடையில் கிள்ளினாள். வார நாளுக்கு லாண்டரிக் கடையில் வேலை கேட்டிருக்கிறேன், கிடைக்கும்போலத் தெரிகிறது.

இன்று முதல் ஞாயிறு. 7416 வரிசையில் மூன்றாவதாக நின்றது. நான்தான் கழுவினேன். வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை. நீலம் என் முழங்கை வழியாக ஓடி வடிகாலில் போனது. பதினோரு தடவை உனக்குச் செய்ததை எனக்கே ஒரு தடவை செய்துகொண்டேன். அப்போதுதான் உனக்கு என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. மன்னித்துக்கொள் அபி.

கேட்க வேண்டியது ஒன்றுதான். நீ வருவாயா? அம்மா உன் போர்வையைத் துவைத்து வைத்துவிட்டாள். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே. நான் சமையலறையில் இருக்கும்போது நீ வெளி அறையில் இரு. வந்தால் போதும்.

நெரெய்தா


மிடில்டவுன்
ஜூன் 15, 1980

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை திருமதி பெட்டிஃபோர்டைப் பார்த்துவிட்டு வருகிறேன். நாலு மணிக்கு வீட்டில் இருப்பேன். சித்தப்பா ஒரு மூட்டை வெங்காயம் கட்டிவிட்டார், படியேற ஒரு கை பிடிக்க வேண்டும், அம்மாவை இறங்கவிடாதே.

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நேரில் சொல்ல வாய் வராது, அதனால் இதிலேயே சொல்லிவிடுகிறேன்.

மார்ச்சில் அந்தப் படத்தைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் நீ கழுவியதற்காக வந்தது இல்லை. கழுவியது எனக்கு அப்போது தெரியாதே. சீர்திருத்தப் பள்ளிப் பயமும் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. மூன்றாவது எழுத்தின் அடிவயிறு தரையைத் தொடாமல் மிதக்கிறது பார், அந்த வளைவை நான் நோட்டில் நூறு தடவை போட்டிருப்பேன், ஒரு தடவைகூட வந்ததில்லை. என் மேகம் எல்லாம் கொஞ்சம் கல்லாகத்தான் இருந்தது. இது யார் என்று எனக்கு வயிறு எரிந்தது. அது நீ என்று தெரிந்ததும் இன்னும் எரிந்தது. மூன்று வாரம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். வேறு நல்ல காரணம் இருந்ததால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அந்தப் படம் இப்போதும் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் காட்டவில்லை. நான் எழுதியது என்று பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

பெஞ்சில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரிந்திருக்காது. ஒருவனுடைய பெயரை எவனும் எடுக்க முடியாது, ஆனால் அவனாகக் கொடுக்கலாம். கொடுத்ததை நாலு பேருக்குச் சொன்னால் போதும். நேற்று ரோலண்டுக்கு ஒரு கடிதம் போட்டேன். உனக்குத் தெரியட்டும் என்று அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"ரோலண்ட், அழுததுக்கு நன்றி. மெழுகுவத்திய எங்கம்மா பத்திரமா வச்சிருக்காங்க. நூபே சாகல. அவ ஞாயித்துக்கிழமைல ரயில் கழுவுறா. பாத்தா எழுந்து நில்லுங்க."

உன் தம்பி
அபிமாயேல்